2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை மலையில் வைத்திருக்கலாமா, மாற்றிவிடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி விவரமாக எழுதிக் கேட்டிருக்கிறார். 2011 மார்ச்சில் பதிவான 1.3 லிட்டர் டீசல் கார். ஓடியது 2,14,000 கிலோமீட்டர். தினமும் குன்னூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். மாதம் இரண்டு தடவை அம்மாவைக் கோவையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். கிளட்ச் வழுக்குகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். விற்றால் ஒன்றேகால் லட்சம் வந்தால் அதிகம். மச்சான், "தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடு" என்கிறாராம். போதாக்குறைக்கு வருகிற மார்ச்சில் ஆர்சி-யும் முடிகிறது. கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: "ரெண்டு வருஷம் முன்னாடி டிரைவர் சீட்டுக்குக் கீழே தகடு துருப்பிடிச்சு ஒட்டுப் போட்டாங்க, மத்தபடி பாடி நல்லாத்தான் இருக்கு."

தம்பி, நான் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். கிளட்ச், புகை, சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் சில சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம்.

முதலில் ஆர்சி. "பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் ஓட்டக்கூடாது" என்று டீக்கடையில் பேசுவது டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பற்றியது. நமக்கு அது இல்லை. இங்கே சொந்த உபயோகக் கார் 15 வருஷம் முடிந்ததும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டித்துக்கொள்ளலாம். படிவம் 25, காலாவதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்தே போடலாம். காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள், உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கூடவே பசுமை வரி உண்டு. ஆக, ஆர்சி முடிகிறது என்பதற்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தேதி நல்ல தேதி. எஃப்சி-க்கு எப்படியும் வண்டியைச் சரிசெய்துதான் கொண்டுபோக வேண்டும், அதனால் முடிவை ஜனவரிக்குள் எடுத்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் அவசரத்தில் எடுக்கிற முடிவு எல்லாம் ஒர்க்‌ஷாப்காரருக்கோ புரோக்கருக்கோதான் லாபம்.

அடுத்தது கிலோமீட்டர். 2,14,000 என்று மீட்டரில் பார்த்ததும் பயம் வருகிறது. மலையில் அந்த எண்ணுக்கு வேறு அர்த்தம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வளைவும் ஏற்றமுமாக ஓடினால் சராசரி வேகம் மணிக்கு 25 வந்தால் பெரிது. அப்படிப் பார்த்தால் உங்கள் எஞ்சின் சுமார் 8,500 மணி நேரம் ஓடியிருக்கிறது. சேலம் பைபாஸில் 60-இல் ஓடுகிற கார் அதே 8,500 மணி நேரத்தில் 5 லட்சம் கிலோமீட்டர் போயிருக்கும். அதனால் "டீசல் எஞ்சின் மூன்று லட்சம் சாதாரணமாக ஓடும்" என்று கீழே இருப்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம் பயப்படவும் வேண்டாம். எஞ்சின் என்பது கழற்றி, லேத்தில் கொடுத்து, திரும்பப் பூட்டக்கூடிய பொருள். உங்கள் காரில் இருக்கிற 1.3 மல்டிஜெட், ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா என்று பலரும் அதைத் தங்கள் கார்களில் போட்டார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டாலும், நாட்டில் இத்தனை லட்சம் எஞ்சின் ஓடுவதால் பார்ட்ஸுக்குப் பஞ்சம் கிடையாது. கோவையில் கிடைக்காத சாமான் என்று ஒன்று இதுவரை எனக்கு வரவில்லை.

எஞ்சினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, அதே வாயின்மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் பிஸ்டன் ரிங் இன்னும் பிடிப்போடு இருக்கிறது. மூடி துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தளர்ந்துவிட்டது, எஸ்டிமேட் 85,000-இல் நிற்காது. அப்புறம் டிப்ஸ்டிக்கில் அளவைக் குறித்துக்கொண்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதற்குள் அரை லிட்டருக்கு மேல் குடித்திருந்தால் சொல்லுங்கள், வேறு மாதிரி பேசலாம். (பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு மலையே ஒரு டெஸ்ட். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நீளமாக இறங்கி, கீழே சமதளம் வந்ததும் ஒரு மிதி மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். நீலப் புகை ஒரு பொதி போனால் வால்வு சீல் போய்விட்டது. டீசலுக்கு இது பொருந்தாது.)

இப்போது உங்கள் எஸ்டிமேட். கிளட்ச்சை ஒரு கோளாறு என்றே கணக்கில் எடுக்காதீர்கள். மலையில் கிளட்ச் என்பது டயர் மாதிரி, தேயும், மாற்ற வேண்டும். வளைவில் லாரிக்கு வழிவிட்டு ஏற்றத்திலேயே அரை கிளட்ச்சில் பிடித்து நிற்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. புது வண்டி வாங்கினாலும் 60, 70 ஆயிரம் கிலோமீட்டரில் அதே செலவு வரும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடுங்கள். கியர் பாக்ஸை இறக்குகிற கூலி இரண்டு தடவை வேண்டாம்.

டக் டக் சத்தம் பெரும்பாலும் லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டியோடு பிடிக்கிற கை) புஷ்ஷோ பால் ஜாயிண்டோ, ஸ்டெபிலைசர் லிங்க்கோ. ரப்பர் சாமான். இதுவும் வயதின் அடையாளம் கிடையாது, ரோட்டின் அடையாளம்.

வெள்ளைப் புகைக்கு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், எஸ்டிமேட்டில் பாதி அதுதான். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோத்தகிரியில் டிசம்பர் காலையில் எந்தப் பழைய டீசலும் இரண்டு நிமிஷம் வெள்ளையாகப் புகைக்கும். முதலில், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் நான்கையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது சில ஆயிரம் ரூபாய் விஷயம். அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு எஞ்சினைச் சில நிமிஷம் ஓட விடுவார்கள். நான்கு பாட்டிலிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. கண்ணால் பார்க்கலாம், ஏமாற்ற முடியாது. ஒன்றை மட்டும் கோவையில் டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வந்தாலே போதும் என்று இருக்கும். கூலண்ட் குறைகிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் புகையோடு கூலண்டும் மாயமாகிக்கொண்டிருந்தால் அது ஹெட் கேஸ்கெட், அதை ஒத்திப்போடக்கூடாது.

ஆக, இந்த 85,000 என் கணக்கில் 55, 60-க்கு இறங்கக்கூடிய பட்டியல். அதில் எதுவும் வண்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

சரி, இப்போது அந்த ஒட்டுக்கு வருகிறேன்.

நம் மலையில் கடல் உப்பு கிடையாது. ஆனால் இங்கே எதுவும் காய்வதில்லை. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. அது விட்டால் மிஸ்ட். ஈரச் செருப்போடு ஏறுகிறோம், கால் வைக்கிற மேட்டின் கீழே உள்ள பஞ்சு அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. போதாததற்கு வண்டியைக் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியிலோ சில்வர் ஓக் அடியிலோ நிறுத்துகிறோம். இலை எல்லாம் வைப்பருக்குக் கீழே இருக்கிற கிரில்லில் விழுந்து, தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கிறது. வெளியே போக வேண்டிய மழைத்தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து டிரைவர் கால்மாட்டில் சேர்கிறது. உங்களுக்கு டிரைவர் சீட்டுக்குக் கீழே துருப்பிடித்தது இப்படித்தான் இருக்க வேண்டும். துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. அப்படி வரும்போது வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். "மத்தபடி பாடி நல்லாத்தான் இருக்கு" என்பதில் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான்.

ஒரு தடவை குன்னூரில் என்னிடம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. கை மாறாத வண்டி, 70,000 கிலோமீட்டர்தான், கண்ணாடி மாதிரி பெயிண்ட். அடியில் கறுப்பு அண்டர்கோட் புதிதாக அடித்திருந்தது. வாங்க வந்தவர் என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங், பொத். பொத் என்ற இடத்தில் முனையை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தால் வர்க்கி மாதிரி ஏடு ஏடாகத் துரு உதிர்ந்து தரையில் விழுந்தது. அந்தக் காரின் எஞ்சின் அவ்வளவு அருமையான எஞ்சின். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜீப்புக்கும் காருக்கும் இங்கேதான் வித்தியாசம். ஜீப், பொலேரோ, பிக்கப் மாதிரி வண்டிகளுக்குத் தனியாகச் சேசிஸ் உண்டு. தரைத் தகடு பூராவும் ஓட்டையானாலும் சேசிஸ் திடமாக இருந்தால் வண்டி நிற்கும். தேயிலைத் தோட்டத்துப் பழைய ஜீப்புகள் தகர டின்னை வெட்டி ஒட்டியே இத்தனை காலம் ஓடுவது அதனால்தான். உங்கள் காருக்கு அந்தத் தரையும், கதவடிப் பெட்டித் தகடும், தூண்களும் சேர்ந்ததுதான் சேசிஸ். அதில் துரு என்றால் எலும்பில் துரு.

அதனால் எஸ்டிமேட்டில் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். உள்ளே டிரைவர் பக்க கார்ப்பெட்டை முழுசாகத் தூக்கச் சொல்லுங்கள், ஒட்டைச் சுற்றி அரையடிக்குப் புதுத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கீழே ஐந்து இடம்: லோயர் ஆர்ம் மாட்டுகிற முன்பக்கக் குறுக்குச் சட்டம், கதவடிப் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கிற நான்கு முனைகள், பின் ஆக்சில் பாடியோடு சேருகிற இடம், பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை. இதையெல்லாம் பார்க்கும்போதே கண்ணில் படுகிற இன்னொன்று, முன்னாலிருந்து பின்னால் ஓடுகிற இரும்பு பிரேக் குழாய். அதில் செதில் செதிலாகத் துரு இருந்தால், வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் முதலில் அதை மாற்றுங்கள். அவசர பிரேக் அடிக்கும்போதுதான் அந்தக் குழாயில் அழுத்தம் அதிகம், வெடிப்பதும் அப்போதுதான்.

பிரேக் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் எஸ்டிமேட்டில் பிரேக் பற்றி ஒரு வார்த்தை இல்லாதது எனக்கு உறுத்துகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் இங்கிருந்து மேட்டுப்பாளையம் போக ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியாகிற சக்தி, ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பேடுக்கும் டிரம்முக்கும்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறிப் பழசானால் 140 வரைக்கும் இறங்கிவிடும். டாட் 4-க்கு அது 230, 155. நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், பழைய வண்டியோ புதியதோ.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த பாடம் இல்லை. வேனில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். எஞ்சினுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்வேன், பிரேக் ஆயில் நாலு வருஷமாக அதேதான். மரப்பாலம் தாண்டி ஒரு வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி போய்த் தரையைத் தொட்டது. திரும்ப மிதித்தேன், அதே. இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கச் சாக்கடைத் திட்டில் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். கருகிய நாற்றம். அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லாக நிற்கிறது! ஆயில் கொதித்து ஆவியானது ஆறிவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வேனில் 1,90,000 கிலோமீட்டர். தப்பு கிலோமீட்டரில் இல்லை, 400 ரூபாய் ஆயிலில் இருந்தது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கி விபத்தாகிற வண்டிகளிலும் புதிய வண்டிகள் இருக்கின்றன, கியர்தான் தப்பு.

இப்போது பணக் கணக்கு. "1.25 லட்ச ரூபாய் வண்டிக்கு 85,000 செலவா?" என்று மச்சான் கேட்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் அது தப்பான ஒப்பீடு. வண்டியின் விலையோடு ரிப்பேரை ஒப்பிடாதீர்கள், வேறு வண்டி வைத்திருக்க ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள்.

புதிய சின்ன பெட்ரோல் கார், ரோட்டுக்கு வர 9 லட்சம் என்று வைப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததால் விலை முன்பைவிடப் பரவாயில்லை. கையில் 2 லட்சம், கடன் 7 லட்சம், 9 சதவீத வட்டி, 5 வருஷம். மாதத் தவணை 14,500 சொச்சம், வட்டி மட்டும் 1,72,000. ஐந்து வருஷம் கழித்து வண்டி நாலரை லட்சத்துக்குப் போனால் இழப்பு நாலரை லட்சம். ஃபுல் இன்சூரன்ஸுக்கு இப்போதைவிட அதிகமாகக் கட்டுவதையும் சேர்த்தால் வருஷத்துக்கு சுமார் 1,40,000. சர்வீஸ் 8,000. நீங்கள் டீசலிலிருந்து பெட்ரோலுக்கு மாறுவதை மறக்கக்கூடாது. மலையில் டீசல் 18, பெட்ரோல் 13 கொடுக்கும். வருஷம் 14,000 கிலோமீட்டருக்கு, டீசல் 93, பெட்ரோல் 102 ரூபாய் என்றால் எரிபொருளில் மட்டும் 38,000 கூடுகிறது. மொத்தம் 1,86,000.

பழையதை மூன்று வருஷம் வைத்திருந்தால்: எஸ்டிமேட்டை முழுசாகவே எடுத்துக்கொள்வோம், 85,000. அப்புறம் வருஷா வருஷம் 40,000 ரிப்பேர். ஆர்சி, வரி என்று ஒரு 10,000. இதற்குள் வண்டியின் விலை 1,25,000-லிருந்து 60,000-க்கு இறங்கும். எல்லாவற்றையும் மூன்றால் வகுத்தால் வருஷத்துக்கு 93,000. புதியதில் சரியாகப் பாதி.

எண்கள் உங்களுக்கு ஏற்ற மாதிரி மாறும், ஆனால் இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், பணத்தை மட்டும் பார்த்தால் பழைய வண்டிதான் ஜெயிக்கிறது. அதனால்தான் "எவ்வளவு செலவு" என்ற கேள்வியை நான் கடைசியில் வைக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மிஸ்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, தரைத் தகட்டின்மேலும் பிரேக்கின்மேலும் சந்தேகம் இல்லாமல் ஓட்ட முடியுமா என்பது முதல் கேள்வி. ஸ்டார்ட் ஆகாத வண்டியால் ஒரு நாள்தான் வீணாகும். லோயர் ஆர்ம் மாட்டிய இடம் துருப்பிடித்துக் கிழிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ரிப்பேர் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். ஐடிவி 1,20,000 என்றால் 90,000-க்கு அடிபட்டாலே கதை முடிந்தது. அதைத் தெரிந்துகொண்டே ஃபுல் இன்சூரன்ஸ் கட்டுங்கள். 1,000-லிருந்து 1,500 சிசி காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் 3,416 ரூபாயும் அதற்கு மேல் வரியும்தான்.

ஒருவேளை மாற்றுவதாக முடிவானால், பிஎஸ்6 டீசல் பக்கம் போகாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது நிரம்பினதும் உள்ளேயே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி நல்ல சூட்டில், ஓரளவு வேகத்தில் விடாமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு இரண்டாம், மூன்றாம் கியரில் இருபது கிலோமீட்டர் ஓடினால் அது எங்கே எரியும்? டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவீர்கள். உங்கள் 2011 டீசலில் இந்தத் தொல்லை இல்லை, அதுவும் அதை வைத்திருக்க ஒரு காரணம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் வலு குறையும் என்பதையும் மனதில் வையுங்கள். கீழே ஓட்டிப் பார்த்துத் துள்ளலாக இருக்கிறது என்று வாங்கினால், ஊட்டியில் நாலு பேரோடு ஏறும்போது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். குடும்பத்தோடு இங்கேயே கூட்டிவந்து டெஸ்ட் டிரைவ் எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கோவை வண்டி நல்லது. சென்னை, தூத்துக்குடி வண்டிகளில் கடல் காற்றுத் துருவோடு 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதும் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நீலகிரியின் டிஎன் 43 நம்பர் வண்டிக்கு மட்டும் ஒரு தனி மவுசு உண்டு, மலைக்கு ஏற இ-பாஸ் கேட்க மாட்டார்கள். எலெக்ட்ரிக் எடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்குத் திருப்பிக் கொடுப்பது மலைக்கு எழுதிவைத்த மாதிரி பொருந்துகிறது. மேலே வீட்டில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்காதீர்கள், நிரம்பிய பேட்டரியால் வாங்கிக்கொள்ள முடியாது. உங்கள் பட்ஜெட்டுக்கு இன்றைக்கு அது கொஞ்சம் எட்டாது என்று நினைக்கிறேன்.

பழையதை யாருக்குக் கொடுத்தாலும், படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறாத வண்டி மோதினால் நஷ்ட ஈட்டுக்கு ஆர்சி-யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியாயிற்று. உடைக்கக் கொடுப்பதானாலும் காயலான் கடைக்கு வேண்டாம், பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். புது வண்டிப் பதிவில் அதற்குச் சலுகை உண்டு.

ஆகவே தம்பி, என் பதில் இப்படி. லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, ஒட்டைச் சுற்றிச் சுத்தமாக இருந்து, நான் சொன்ன ஐந்து இடமும் டங் என்று கேட்டால், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் குழாய், ஹோஸ், ஆயில், பேட் முதலில், லோயர் ஆர்ம் அடுத்து, கிளட்ச் அதற்கடுத்து, இன்ஜெக்டர் பாட்டில் டெஸ்ட்டுக்குப் பிறகு. மார்ச்சில் ஆர்சி நீட்டித்து மூன்று வருஷம் ஓட்டுங்கள், மாதம் ஐயாயிரம் தனியாக எடுத்துவையுங்கள், அடுத்த வண்டிக்கு முன்பணம் ஆகிவிடும். கதவடித் தகட்டில் மட்டும் ஒரு இடத்தில் பொத் என்றால், நல்ல டிங்கரிடம் கொடுத்துத் துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். பட்டி பூசி, ஃபைபர் ஒட்டி மூடுகிற வேலை வேண்டாம். ஆனால் போன தடவை போட்ட ஒட்டைச் சுற்றியே மறுபடியும் துரு ஓடியிருந்தால், அல்லது லோயர் ஆர்ம், ஆக்சில் மாட்டுகிற இடத்தில் ஸ்குரூ டிரைவர் இறங்கினால், அந்த எஸ்டிமேட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கிளட்ச்கூட மாற்றாமல், இருக்கிற நிலையைச் சொல்லியே கொடுத்துவிடுங்கள்.

லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இல்லையென்றால் பள்ளம் வெட்டிய சர்வீஸ் ஸ்டேஷன் போதும், முந்தின நாளே அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி வையுங்கள். வீட்டு வாசலில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். ஜாக்கி வைக்கிற முனையைத்தான் நாம் சந்தேகப்படுகிறோம்.